ஏலக் குரலும் நாலாவது அயோடினும்

அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற வெயிலில் ஒரு பெண்மணி கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்கள் டிஸ்பென்சரிக்குள் வந்து உட்கார்ந்தார். அம்மையாக இருக்குமோ என்ற பயத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் விலகிப் போய் நின்றுகொண்டார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். ஊதிய முகம். கண் இமைகள் பாதி இறங்கியிருந்தன. புருவத்தின் வெளிப்பாதியில் முடியே இல்லை. சீட்டு எழுதுவதற்காக என்ன செய்கிறது என்று கேட்டேன்.

“குளுருது” என்றார்.

அந்த ஒரு சொல் வருவதற்கே நேரம் பிடித்தது. ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாதபடி, தகரப் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கூட வந்திருந்த இளைய பெண்தான் எனக்கு விளக்கினாள்.

“இன்னா கம்பவுண்டரே, தெர்லயா? ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம வந்து மீனு வாங்கிகினு போறியே, ஏலம் கூறுறது யாரு? எங்க அண்ணிதான்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. காசிமேட்டுக் கரையில் ஏலம் கூறுகிற அம்மாவை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். மெலிந்த உடம்பு, இடுப்பில் கை வைத்தபடி குவியலுக்குக் குவியல் நடந்துகொண்டே இருப்பார். மணலில் கொட்டிய மீனைச் சுற்றிக் கூடைக்காரிகள் நிற்க, விலையைப் படிப்படியாக ஏற்றிச் சொல்லிக்கொண்டு போவார். யாருடைய தலை அசைந்தது, யாருடைய விரல் நிமிர்ந்தது என்பது அவருக்குத் தப்பாது. ஒரு குவியல் முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் நடுவில் மூச்சுவிடும் இடைவெளிகூட இருக்காது. மணல் சுடுவதற்குள் எல்லா மீனும் கூடைக்குள் போயிருக்க வேண்டும். தாமதமானால் மீன் கண் வெளுத்துவிடும், விலை இறங்கிவிடும். கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போனவர்களின் அன்றைய உழைப்பு முழுவதும் அந்த அம்மாவின் வாய் வேகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இளையவள் அவருடைய நாத்தனார். மீதி விஷயத்தை அவள் சொன்னாள். ஒரு வருஷமாகவே அண்ணி மந்தம். முதலில் சோம்பேறித்தனம் என்றார்கள். அப்புறம் செய்வினை என்றார்கள். விலையை ஏற்றிக்கொண்டே வந்து நடுவில் எங்கே நின்றோம் என்று மறந்து போகிறார். குரல் கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போவதில்லை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிவிட்டார்கள். ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்த்த பிறகும் இப்படியே இருந்தால் ஏலத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாம்.

“அவங்கம்மா கூறுன எடம் அது. அத்த வுட்டா, எங்கண்ணன் போனதுக்கு அப்பால இதுக்கு வேற இன்னா கீது?”

“வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?” என்றேன்.

“எனக்குத்தான்” என்றாள். “அதான் இஸ்துகினு வந்தேன். நா போயி அங்க நின்னேன்னு வையி, இது என்னியே கூறு போட்டுடும்.”

கம்பளிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. முகம் சிரிக்கவில்லை, தோள் மட்டும் அசைந்தது.

எங்கள் டாக்டரம்மா தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய அண்ணன்மார் இருவர் தங்கசாலைப் பக்கம் மொத்த வியாபாரம் செய்தார்கள். இவர் ஒருவர்தான் படிப்பு என்று போனவர். அதிர்ந்து பேச மாட்டார். நோயாளியை முகத்தைப் பார்த்தே பாதி எடை போட்டுவிடுவார் என்று பேர். அன்று அந்த அம்மாவை ஒரு நாற்காலியில் முழங்கால் போட்டு நிற்கச் சொன்னார். பாதம் இரண்டும் பின்னால் தொங்கின. சின்ன ரப்பர் சுத்தியால் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரில் தட்டினார். பாதம் சட்டென்று இழுத்துக்கொண்டது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பி வரும்போது ஆற அமர, தூக்கத்தில் நடப்பது போல வந்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு மறுபடி தட்டிக் காட்டினார்.

“பார்த்தீங்களா? போறது சரியாப் போகுது. வர்றதுதான் தாமதம். இதுக்குக் கழுத்துல இருக்கிற தைராய்டுதான் காரணம்.”

“காலுகூட ஏலத்துக்கு லேட்டாத்தான் வருது” என்றாள் நாத்தனார்.

பாரிமுனையில் ஒரு வியாபாரியிடமிருந்து தைராய்டு மாத்திரை வரவழைத்தோம். இதயம் தாங்க வேண்டும் என்பதற்காகக் கால் மாத்திரையில் ஆரம்பிக்கச் சொன்னார் டாக்டரம்மா. பீங்கான் ஓட்டின் மேல் வைத்து, கூரான கத்தியால் நாலாகக் கீறிப் பொட்டலம் கட்டுவது என் வேலை. மாத்திரை உடையும்போது சிந்துகிற பொடியைக்கூட நான் அந்தந்தப் பொட்டலத்திலேயே சேர்த்துவிடுவேன். துறைமுகத்து நிலக்கரித் தூசி எங்கள் தெருவில் எதையும் விட்டுவைக்காது. அதனால் மருந்து கட்டும்போது ஜன்னலை மூடிக்கொள்வது என் வழக்கம்.

“இது இன்னாத்துல செய்றாங்கோ?” என்று கேட்டார் ஏலக்கார அம்மா.

“ஆட்டின் கழுத்திலிருக்கிற அதே சுரப்பியை எடுத்து, காயவைத்து, பொடியாக்கி.”

“கருவாடா?”

“அப்படியும் சொல்லலாம்.”

அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் அது ஆட்டுக் கருவாடுதான். “ஆட்டுக் கருவாடு தீந்துபோச்சு, குடு” என்று ஜன்னலில் கையை நீட்டுவாள் நாத்தனார்.

மத்தியானத்தில் ஆள் இல்லாத நேரம் டாக்டரம்மா மருத்துவப் பத்திரிகை படிப்பார். கப்பல் தபாலில் வருவது. சில இதழ்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும். அந்த வாரம் நான் அவரிடம் கேட்டேன்: மாத்திரை போட்டதும் வேலை உடனே தெரியாதா, ஏன் இத்தனை நாள் ஆகிறது? அவர் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மருந்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு சரக்கும் எதனுடன் எவ்வளவு சேரும் என்று பார்த்துக் கலக்குவதே என் தொழில் என்பதால், அது எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

அந்தச் சுரப்பி இரத்தத்தில் ஓடுகிற அயோடினைப் பிடித்துச் சேர்த்துக்கொள்கிறது. மீனிலும் தண்ணீரிலும் இருந்து நமக்குக் கிடைப்பது தூசியளவுதான்; அதையும் அது விடுவதில்லை. தனக்குள் இருக்கிற ஒரு புரதத்தின் கண்ணிகளில் அந்த அயோடினை ஒட்டவைக்கிறது. சில கண்ணிகளில் ஒன்று ஒட்டும், சிலவற்றில் இரண்டு. இரண்டு ஒட்டிய கண்ணி ஒன்றும் அதே போன்ற இன்னொன்றும் சேர்ந்தால் நாலு அயோடின் கொண்ட பொருள் உண்டாகிறது. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று கொண்ட பொருள். இப்படிச் செய்ததையெல்லாம் கோந்து மாதிரி தனக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்கிறது. வேண்டும்போது அந்தக் கோந்திலிருந்து அறுத்து இரத்தத்தில் விடுகிறது. அறுக்கும்போது ஜோடி சேராமல் உதிர்கிற துண்டுகள் வீணாவதில்லை. அவற்றிலிருந்து அயோடினைக் கழற்றி எடுத்து மறுபடியும் உள்ளேயே வைத்துக்கொள்கிறது.

“ரொம்பச் சிக்கனம்” என்றேன்.

“உங்களை மாதிரி” என்றார் டாக்டரம்மா.

நாலு அயோடின் கொண்ட பொருள் உலகத்துக்குத் தெரிந்து வெகுகாலம் ஆகிறது. இதுதான் அந்தச் சுரப்பியின் சரக்கு என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். மூன்று கொண்டதைக் கண்டுபிடித்தது மிகவும் சமீபத்தில். அது நாலைவிடச் சுறுசுறுப்பானது, உடனே வேலை செய்வது. நாலில் ஒன்றைக் கழற்றினால் மூன்று ஆகிறது. சுரப்பிக்குள்ளேயே கொஞ்சம் அப்படி நடக்கிறது, உடம்பின் மற்ற இடங்களிலும் நடக்கிறது என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள், இன்னும் சண்டை ஓயவில்லை என்றார். அவருடைய கட்சி எதுவென்றால், நாலு என்பது கையிருப்பு, மூன்று என்பது செலவு. இருப்பு நிரம்பினால்தான் செலவுக்கு ஒழுங்காக வரும். அதனால்தான் தாமதம்.

வைகாசி முடிவதற்குள் கம்பளி போயிற்று. ஆனியில் கண் திறந்தது. அடுத்து கைத்தோலின் சொரசொரப்பு குறைந்தது. குரல்தான் கடைசியாக வந்தது. ஒரு நாள் அவரே மாத்திரை வாங்க வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று, “இன்னா கம்பவுண்டரே, சொம்மா குந்திகினு கீறியா, வேல ஒண்ணும் இல்லியா?” என்று ஒரே மூச்சில் கேட்டார். டாக்டரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அப்போது அரை மாத்திரையைத் தாண்டி முழு மாத்திரைக்கு வந்திருந்தோம்.

ஆடி பிறந்தது. அந்த மாதத்தின் பின்பாதியில் அவர்கள் இருவரும் வரவில்லை. திருவிழாக் காலம், நேரம் ஒழிந்திருக்காது என்று நான் நினைத்தேன். கூழ் வார்த்து முடிந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கரைக்குப் போனபோது, அம்மாவின் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏலம் நடந்துகொண்டிருந்தது. நெற்றி நிறைய கோயில் திருநீறு, கழுத்தில் வேப்பிலை மாலை. குரல் பழைய குரலாகவே இருந்தது. சங்கராக் குவியலை முடித்து, வவ்வாலை முடித்து, நெத்திலிக்கு வந்தார். ஏலம் முடிந்ததும் நாத்தனார் என்னைப் பார்த்துச் சொன்னாள், பெரியவர்கள் ஏலத்தை அவருக்கே விட்டுவிட்டார்களாம்.

நான் பொட்டலத்தை நீட்டினேன். ஏலக்கார அம்மா வாங்கவில்லை.

“அத்த நிறுத்திட்டேன். காப்பு கட்டிகினேன்ல, கவிச்சி வாயில வெக்க மாட்டேன். ஆட்டுக் கருவாடும் கவிச்சிதானே. அன்னிக்கே வுட்டேன்.”

“காப்பு அவிழ்த்தாகிவிட்டதே.”

“அதுக்கு இன்னாத்துக்கு இனிமே?” என்றார். “மாத்திர இல்லாமயே கொரலு நிக்குதுல்ல. பத்து நாளா ஒண்ணும் துன்னல. கூழு வாக்கறன்னிக்கு கோயில் வாசல்ல நின்னு கத்துனேன், கடலு வரிக்கும் கேட்டுச்சு. அம்மா குடுத்த கொரலு. எல்லாரும்தான் பாத்தாங்கோ.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மாத்திரையை நிறுத்தியிருந்தார், குரல் நிலைத்திருந்தது. ஊர் முழுக்கப் பார்த்திருந்தது. பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னதும் அதைக் கேட்டுத்தான்.

டாக்டரம்மாவிடம் வந்து சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஸ்டெதஸ்கோப்புக் குழாயைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். “நாலு வேலை செய்யுது” என்றார். மூன்று அயோடின் பொருள் நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தீர்ந்துபோயிருக்கும். ஆனால் நாலு அப்படியல்ல. மெதுவாகத்தான் தீரும். ஒரு வாரத்துக்கு ஒரு முறை பாதி பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து உடம்பு தினம் ஒன்று ஒன்றாக அயோடினைக் கழற்றி மூன்றாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறது. இருப்பு குறைவது வெளியே தெரியாது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் போனால் தெரியும்.

“போய்ச் சொல்லுங்க. பயமுறுத்தாமச் சொல்லுங்க.”

எப்படிச் சொல்வது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் மரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அங்கே கட்டுமரத்தை மரம் என்றுதான் சொல்வார்கள். கடலிலிருந்து வந்ததும் கட்டைகளை அவிழ்த்துக் கரையில் காயப்போடுவார்கள், மறுநாள் கட்டிக்கொண்டு போவார்கள். போய் அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். மாத்திரையில் இருப்பது நாலு கட்டை மரம். ஒரு கட்டையை அவிழ்த்துவிட்டு மூன்றாக்கினால்தான் உடம்புக்குள் ஓடும். அவிழ்க்காத மரங்கள் சில இன்னும் உங்கள் உடம்பில் கிடக்கின்றன. அவை தீர்ந்துபோனால் ஓட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

அவர் வலையிலிருந்து சிப்பி பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

“நாலு கட்டைல ஒண்ண கயட்டிட்டு எவன்யா கடலுக்குப் போவான்?”

“உதாரணம்தான்.”

“நீ ஒரு வாட்டியாச்சும் மரம் ஏறிகிறியா?”

“இல்லை.”

“தெரிது.”

“காத்திவாக்கத்துல மூணு கட்டைல போவாங்க அண்ணி” என்றாள் நாத்தனார், என் பக்கம் சேர்ந்துகொண்டு. “கயிமொகத்துல எறா புடிக்க. லேசா இருக்கும், சல்லுனு போவும்.”

“அவங்க கெடக்கறாங்க, முட்டியளவு தண்ணில.” அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. “அண்ணாத்தே, நீ நல்லதுக்குத்தான் சொல்ற. ஆனா நா ஊருக்கு முன்னாடி அம்மா குடுத்துச்சுன்னு சொல்லிட்டு வந்துகிறேன். இப்போ போயி, இல்ல, ஆடு குடுத்துச்சுன்னு சொல்ல சொல்றியா?”

பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் பார்த்தால் அது அங்கேயே, கல் பாரம் வைத்தபடி இருந்தது. தூக்கி எறியவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஆவணி கழிந்தது. புரட்டாசி வந்தது. அந்த மாதத்தில் பட்டணத்தில் பாதிப் பேர் மீனைத் தொடமாட்டார்கள். கரைக்கு வருகிற கூடைக்காரிகள் குறைவு, குவியலும் சிறியது, யாருக்கும் அவசரம் இல்லை. அந்தச் சோம்பலில் அவருடைய மந்தம் யாருக்கும் தெரியாமல் போயிற்று. எனக்குத் தெரிந்தது. விலை சொல்லி முடித்த பிறகும் வாயைக் கொஞ்சம் திறந்தபடியே வைத்திருந்தார். நடந்துகொண்டே கூறுவதை விட்டுவிட்டு ஒரு இடத்தில் நின்று கூறினார். பிறகு மணலில் உட்கார்ந்து கூறினார். பார்வையில் என்ன கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஐப்பசியில் எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தது. தீபாவளி முடிந்து ஜனங்கள் மீனுக்கு வாயைத் திறந்துகொண்டு வந்த காலை அது. நானும் போயிருந்தேன். முந்தின இரவு மழை. மரங்கள் தாமதமாகத்தான் கரை சேர்ந்தன. பெரிய வஞ்சிரங்கள் நாலைந்து சேர்த்து ஒரு குவியல். கூட்டம் நெருக்கியது. அவர் ஆரம்பித்தார். விலை ஏறியது. அடுத்த விலையைச் சொல்ல வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. கூடைக்காரிகள் காத்தார்கள். யாரோ ஒருத்தி, “இன்னாக்கா, தூங்கிகினியா?” என்றாள். ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அவர் இரண்டு விலைக்கு முன்னால் சொன்னதையே மறுபடி சொன்னார். மரத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நாத்தனார் கூட்டத்துக்குள்ளிருந்து வந்து அண்ணியின் தோளில் கை வைத்து நின்றாள். அவரைத் தள்ளவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கூறி முடித்தாள். கூச்சத்தில் அவள் குரல் கீச்சென்று இருந்தது. அந்தக் குவியல் போன பிறகு அடுத்தது, அதற்கு அடுத்தது. ஏலக்கார அம்மா பக்கத்திலேயே, மணலைப் பார்த்தபடி நின்றார். நான் எதுவும் வாங்காமல் திரும்பினேன்.

அன்று சாயங்காலமே வந்தார்கள். கம்பளி மறுபடி வந்திருந்தது. டாக்டரம்மா மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். சுத்தியை எடுக்கவில்லை. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“என்ன பயம்? சொல்லுங்க.”

ஏலக்கார அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “நா மாத்திரைக்குத் திரும்பிப் போனா, அம்மா குடுத்தத வாணாம்னு மூஞ்சில அடிச்சா மாதிரி ஆவாதா? பெரியவங்க அத்தப் பாத்துதான எடம் குடுத்தாங்கோ. தை மாசம் வரிக்கும் பொறுத்துகினு இருக்கோம்னு இன்னிக்கு சொல்லிகிறாங்கோ. அது வரிக்கும் இவ என் பக்கத்துல நின்னு கூறுவா. அப்பாலயும் கொரலு வரலன்னா இவளுக்கே.”

“எனக்கு வாணாம்” என்றாள் நாத்தனார். “இன்னிக்கு ஒரு நாளு கூறுனதுக்கே தொண்ட கட்டிகிச்சு.”

“உங்க அம்மனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல” என்றார் டாக்டரம்மா. “நான் கோயிலுக்குப் போறது வேற பக்கம். ஒண்ணு மட்டும் கேளுங்க. அந்த மாத்திரையில இருக்கிறது ஆட்டுக்கு மட்டும் சொந்தமில்ல. உங்க கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு. அது நல்லா இருந்த காலத்துல அதே பொருளைத்தான் செஞ்சுது. எழுத்துக்கு எழுத்து அதே. உங்களுக்கு அது ஓய்ஞ்சு போச்சு. ஆட்டுகிட்ட கடன் வாங்குறோம்.”

அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அப்போ என் கய்த்துலயே கவிச்சி கீதா?”

“எல்லார் கழுத்துலயும் இருக்கு. பூசாரி கழுத்துலயும்.”

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கேட்டார்: “காப்பு எத்தனை நாளைக்கு?”

“பத்து நாளு.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மேஜை மேலிருந்த சீட்டில் எதையோ கணக்குப் போட்டார். நாலு அயோடின் சரக்கு ஒரு வாரத்தில் பாதியாகக் குறையும். பத்து நாளில் பாதிக்கும் கீழே போகும், ஆனால் தீர்ந்துவிடாது. முன்னால் ஒழுங்காகச் சாப்பிட்டு இருப்பு நிரம்பியிருந்தால் தாங்கும். குளிர் கொஞ்சம் தெரியலாம், குரல் விழாது. போன ஆடியிலும் அப்படித்தான் நடந்தது. தவறு பத்து நாள் விட்டதில் இல்லை, பதினோராவது நாள் தொடங்காததில்தான்.

“சரி. காப்பு கட்டின நாள்ல இருந்து அவிழ்க்கிற நாள் வரைக்கும் மாத்திரை வேண்டாம். நானே சொல்றேன், வேண்டாம். அவிழ்த்த அன்னிக்கு சாயங்காலம் இங்க வந்து, என் முன்னாடி போட்டுக்கணும். மத்த நாள் எல்லாம் தினம். சம்மதமா?”

நாத்தனாருக்குப் பொறுமை இல்லை.

“மத்த நாள்ல வஞ்சரம் துன்ற, எறா துன்ற, ஞாயித்துக்கெயமன்னா ஆட்டுக்காலு சூப்பு வேற. அதுக்கெல்லாம் அம்மா ஒண்ணும் சொல்லல. கடுகத்தன மாத்திரைக்குத்தான் கோச்சுக்குமா?”

“சொம்மா இருடி.” பிறகு டாக்டரம்மாவிடம், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “பத்து நாளு அவளோடது. மிச்சம் ஆட்டோடது.”

“அப்படியே வச்சுக்கலாம்” என்றார் டாக்டரம்மா.

மறுபடியும் கால் மாத்திரையிலிருந்து தொடங்கினோம். கார்த்திகை மழையில் கரைக்குப் போவதே குறைவு, அது நல்லதாயிற்று. ஊரில் என்ன சொன்னார்கள் என்று நான் நாத்தனாரிடம் கேட்டேன். அண்ணியே பெரியவர்களிடம் போய், மாத்திரை சாப்பிடுகிறேன், காப்பு நாளில் மட்டும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அதில் ஒரு பெரியவர், எனக்கும் மூட்டு வலி, அந்த ஆட்டுக் கருவாட்டில் கொஞ்சம் எனக்கும் வாங்கிக் கொடு என்று கேட்டாராம். கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். தை பிறந்து பொங்கலுக்கு மறுநாள் அவர் தனியே நின்று ஏலம் கூறினார். நாத்தனார் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். நிம்மதியாகத்தான் போனாள்.

ஆனாலும் எங்களுக்கு அடுத்த ஆடி பாக்கியிருந்தது. போன தடவை அவர் நன்றாக இருந்தது இரண்டரை மூன்று மாதச் சிகிச்சைக்குப் பின். இந்தத் தடவை கணக்குப்படி இருப்பு இன்னும் அதிகம். இருந்தும் காப்பு கட்டிய நாளிலிருந்து டாக்டரம்மா தினம் ஒரு தடவை, வேறு எதையோ கேட்பது போல, “கரைப் பக்கம் போனீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனேன். தூரத்தில் நின்று கேட்டுவிட்டு வந்தேன். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டிருந்தார். கடல்காற்றுக்காக இருக்கலாம். டாக்டரம்மாவிடம் துண்டைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

காப்பு அவிழ்த்த நாள் மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்கு இருவரும் வந்தார்கள். கூழ்ச் சட்டி, முருங்கைக்கீரை, பச்சை வெங்காயம் எல்லாம் எங்களுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். டாக்டரம்மா முதலில் நாற்காலியில் முழங்கால் போடச் சொன்னார். சுத்தியால் தட்டினார். பாதம் போயிற்று. திரும்பி வந்தது. கொஞ்சம் தயக்கத்தோடு வந்தது என்று எனக்குப் பட்டது. டாக்டரம்மா பரவாயில்லை என்றார். நான் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்தேன். அவர் விழுங்கிவிட்டு, நாக்கை நீட்டிக் காட்டினார்.

மறுநாள் காலை கரையில் பெரிய கூட்டம். முந்தின நாள் விழாவுக்காக நிறுத்தியிருந்த மரங்கள் எல்லாம் ஒரே நாளில் போய் வந்திருந்தன. வீட்டில் விருந்தாளிகள் வருவதாக இருந்தது. ஒரு வஞ்சிரம் முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று நான் முன்வரிசைக்கே போய் நின்றேன். எந்த விலை வரைக்கும் போகலாம் என்று மனத்தில் முடிவு செய்திருந்தேன். அவர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். ஆரம்பித்தார். இடமிருந்து வலமாக, முன்னிருந்து பின்னாக விலை ஓடியது. நான் விரலைத் தூக்கும்போது அது என்னைத் தாண்டிப் போயிருந்தது. மறுபடி தூக்குவதற்குள் மீன் ஒரு கூடைக்காரியின் தலையில் ஏறி நகர்ந்துகொண்டிருந்தது. அவர் அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்.

வெறும் பையுடன் டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டரம்மா நோயாளி ஒருவருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“மீன் எங்கே?” என்றார்.

“கிடைக்கவில்லை. நான் விலை கேட்பதற்குள் முடிந்துவிட்டது.”

அவர் நோயாளியின் கையை விடாமலே என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேஜையில் இருந்த சீட்டை எடுத்து, ஏலக்கார அம்மாவுக்கு வழக்கம் போல ஒரு மாதத்துக்கு முழு மாத்திரை என்று எழுதி என்னிடம் நீட்டினார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன்.